ஊமை டயர்

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்ட மறுவாரத்திலிருந்து எங்கள் ஊர் டயர் கடைகளில் அடுக்கியிருந்த புது டயர்கள் எல்லாம் தாங்கள் போகப்போகிற ஊரின் சத்தத்தைப் போடத் தொடங்கின. சத்தம் என்றால் தெருவுக்குக் கேட்கிற சத்தம் இல்லை. டயரைத் தூக்கி நிறுத்தி, உட்குழிவுக்குள் தலையை நுழைத்து, காதை ரப்பரோடு ஒட்டினால் கேட்கும், அவ்வளவுதான். ஒன்றில் கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது, ஒன்றில் யாரோ தெரியாத பாஷையில் வெங்காயம் விற்றார்கள், ஒன்றில் கோயில் மணியும் அதற்குப் பின்னால் செருப்பைத் தொலைத்தவர் போடுகிற சண்டையும் கேட்டன. சக்கரத் தகட்டில் மாட்டிக் காற்றடித்துவிட்டால் டயர் வாயை மூடிக்கொள்ளும். அதனால் கேட்க வேண்டியதை எல்லாம் கடையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் சங்ககிரி பக்கம் ஒரு லாரி ஊர். வீட்டுக்கு ஒருவராவது லாரியை ஓட்டவோ, வாங்கவோ, விற்கவோ, கழுவவோ செய்கிற ஊரில், டயர் பேசுவதைப் பற்றி யாரும் பெரிதாக அதிர்ந்துபோகவில்லை. ஏன் பேசுகிறது என்று கேட்டவர்களைவிட, எந்தக் காதை வைக்க வேண்டும் என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஆண்களுக்கு வலக்காது, பெண்களுக்கு இடக்காது என்று யாரோ சொல்ல, அது ஒரே வாரத்தில் பழைய வழக்கம்போல ஆகிவிட்டது. அடுத்தவர் வாங்கப்போகிற டயரில் காது வைப்பது அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பதற்குச் சமம் என்றார்கள். செவ்வாய், வெள்ளி காலைகளில் பெண்களுக்கு மட்டும் என்று கடைகளில் பலகை வைத்தார்கள். ஊரில் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு காது மட்டும் கறுத்துப்போயிருந்தது. வெளியூர்க் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிறவர்கள் அந்தக் கறுத்த காதைப் பார்த்தே இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் என்று கண்டுகொண்டு, கூட ஒரு கரண்டி ரசம் ஊற்றினார்கள்.

பஸ் கம்பெனி முதலாளி ஒருவர் தன் பஸ்களுக்கு வாங்கிய டயர்களில் எல்லாம் ஒரே பஸ் ஸ்டாண்டில் ஒரே ஆள் முறுக்கு விற்கிற சத்தம் கேட்டதில், வாழ்க்கை இவ்வளவுதானா என்று மனம் நொந்து போனார். ரிட்டையரான ஹெட்மாஸ்டர் ஒருவருக்குக் கிடைத்த டயரில் அவருடைய சொந்த வீட்டு இரும்பு கேட் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்டது. பாவம், மனுஷன் இனி எங்கும் போகப்போவதில்லை என்று முதலில் பரிதாபப்பட்டார்கள். பிறகு யாரோ, எங்கே போனாலும் பத்திரமாக வீடு திரும்புகிற டயர் அல்லவா அது என்று சொல்ல, கேட் சத்தம் கேட்கிற டயருக்கு ஊரில் கிராக்கி ஏறிவிட்டது. டீக்கடைகளில் இரண்டு கட்சி உண்டானது. டயர்தான் ஆளைக் கூட்டிப்போகிறது என்றது ஒரு கட்சி. ஆள் போகப்போவதைத்தான் டயர் முன்கூட்டிச் சொல்கிறது என்றது மற்றது. நான் டீ வாங்கப் போய் நிற்கும்போதெல்லாம் இரண்டு பக்கமும் சரியாகத்தான் பட்டது. தூக்குப்போசியை நீட்ட மறந்து நின்றுவிடுவேன்.

எந்தச் சத்தமும் வராத டயர்களும் இருந்தன. அவற்றை ஊமை டயர் என்றார்கள். ஊமை டயர் எங்கேயும் போகாது, போனாலும் போய்ச் சேராது என்று ஒரு பயம் பரவியதில், கடைக்காரர்கள் அவற்றைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கி வைத்தார்கள்.

எங்கள் வீட்டுச் சின்னக் காருக்கும் அப்போதுதான் டயர் மாற்ற வேண்டியிருந்தது. நான்கும் மொட்டை. விரலை வைத்துத் தடவினால் சோப்பைத் தடவுவது போலிருக்கும். சாதாரண நாளாக இருந்தால் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மாற்றிக்கொண்டு வந்திருப்பார். ஆனால் அது சாதாரண நாளாக இல்லை, காரணம் என் அக்கா சிந்துஜா.

அக்கா கோத்தகிரியில் இருந்தாள். டீ ஃபாக்டரியில் மெஷின் ஃபிட்டராக இருக்கும் இன்பராஜ் என்பவரை அவளே பார்த்து, அவளே கல்யாணம் செய்துகொண்டு போனவள். அவர் நம்ம சனம் இல்லை. அன்றிலிருந்து அப்பா அவள் பேரைச் சொல்லவில்லை. அவள் பேரைச் சொல்லாதே என்றும் யாரிடமும் சொல்லவில்லை. லாரி புக்கிங் ஆபீசில் மேனேஜராக இருந்துகொண்டு, குவாஹாத்திக்கு எத்தனை நாள், ஜாம்நகருக்கு எந்த வழி என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தவர், கோத்தகிரி என்ற ஊரே மேப்பில் இல்லாத மாதிரி நடந்துகொண்டார். இப்போது அக்காவுக்கு ஒன்பதாம் மாதம் என்று மலைக்குப் போய்வந்த லாரிக்காரர் ஒருவர் சொல்லியிருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதற்குப் பெண்ணைப் பெற்றவர்கள் பலவகைச் சோறு கட்டி எடுத்துப்போய், அவளை உட்காரவைத்துப் பரிமாறி, கையோடு அழைத்துவர வேண்டும். கட்டுச்சோறு போடாமல் எங்கள் பக்கம் யாரும் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்து வருவதில்லை. இன்பராஜுக்குத் தாய் இல்லை. நாங்கள் போகாவிட்டால் அந்த மலையில் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுக்கக்கூட ஒரு பெண்பிள்ளை இல்லை.

அம்மா இதை அப்பாவிடம் நேராகக் கேட்டபோது அவர் போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

"மொட்டை டயரோட மலை ஏறுனா ஆரு பதில் சொல்றது? மழை வேற."

"அப்ப டயரை மாத்துங்க."

"மாத்தறதுக்குத்தான போயிட்டு வர்றேன்."

அது உண்மைதான். தினமும் ஆபீஸ் முடிந்து லூர்தண்ணனின் டயர் கடைக்குப் போனார். சில நாள் என்னையும் அழைத்துப்போனார். எங்கள் காரின் அளவில் இருந்த டயர்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்து, தலையை உள்ளே விட்டு, வெகுநேரம் அப்படியே குனிந்திருப்பார். பிறகு நிமிர்ந்து, "இது இல்ல," என்பார்.

"எது இல்லைங்கறது தெரியுதுங்க. எது வேணும்னு சொன்னீங்கன்னா நானே தேடி எடுத்து வெச்சிருவேன்," என்பார் லூர்தண்ணன். அவர் பொறுமைசாலி. ஆனால் டயர் பேசத் தொடங்கியதிலிருந்து வியாபாரம் மெதுவாகிவிட்டதில் கொஞ்சம் சலித்துப்போயிருந்தார். "முந்தியெல்லாம் அளவு கேப்பாங்க, கம்பெனி கேப்பாங்க, மாட்டிக்கிட்டுப் போயிருவாங்க. இப்ப மாப்பிள்ளை பாக்கறாப்பல பாக்கறாங்க."

"கேட்டாத் தெரியும்," என்றார் அப்பா.

ஆபீசில் அவரோடு வேலை பார்க்கிற நாச்சிமுத்து ஒரு நாள் அந்தப் பக்கமாக வந்தவர், அப்பாவின் முதுகைப் பார்த்தே ஆளைத் தெரிந்துகொண்டு, "என்னுங்க மேனேஜர், டயர் தேயறதுக்கு முன்னால காது தேஞ்சிருமாட்ட இருக்குது," என்றார். அப்பா தலையை வெளியே எடுக்கவில்லை. டயருக்குள்ளிருந்தே, "நீங்க உங்க ஜோலியப் பாருங்க," என்றது எங்களுக்கு எங்கோ தூரத்து ஊரிலிருந்து வந்தது போலக் கேட்டது.

மலை கேட்கிற டயர் எதுவும் கைக்கு வந்துவிடக்கூடாது என்றுதான் அப்பா தேடித் தேடி ஒதுக்குகிறார் என்பது அம்மாவின் எண்ணம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு முறையும் நிமிரும்போது அவர் முகத்தில் இருந்தது தப்பித்துக்கொண்ட முகம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரின் முகம். ஆனால் அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவிடம் கேட்கவும் வரவில்லை. நான் மட்டும் ஒரு வெள்ளிக்கிழமை காலை தனியாகப் போய் அதே டயர்களில் காது வைத்துப் பார்த்தேன். சந்தை, கல்லூரி மணி, கடல், சர்க்கரை ஆலைச் சங்கு, யாருடைய வீட்டுச் சீமந்தமோ ஒன்று. எதிலும் மலை இல்லை. போவதாக முடிவு செய்யாதவருக்கு மலை கேட்கும் டயர் எப்படி வரும்? டயர் வராமல் அவர் எப்படி முடிவு செய்வார்? இதில் எது முதலில் என்று யோசித்துக்கொண்டே நடந்து, எங்கள் தெருவைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டேன்.

ஒன்பதாம் மாதத்தில் கட்டுச்சோற்றுக்கு ஏற்ற நாள் என்று ஒரு புதன்கிழமைதான் மிச்சமிருந்தது. அந்தப் புதன்கிழமை விடியும்போது சமையலறையிலிருந்து புளி கொதிக்கும் வாசனை வந்தது. அம்மா எழுந்து வேலையைத் தொடங்கியிருந்தாள். புளிச்சோறு, எள்ளுச்சோறு, தேங்காய்ச்சோறு, எலுமிச்சைச்சோறு, தயிர்ச்சோறு என்று ஒவ்வொன்றாகக் கிளறி ஆறவைத்து, வாழையிலை விரித்த போசிகளில் அமுக்கி, வெள்ளைத் துணியால் வாய்கட்டி, மஞ்சள், குங்குமம் வைத்து, பச்சை வளையல் டப்பாவோடு காரின் பின்சீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நான் போசிகளுக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில் உட்கார்ந்தேன்.

அப்பா பனியனோடு வாசலுக்கு வந்து பார்த்தார். காரையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சோறு கட்டியாச்சுங்க," என்றாள் அம்மா. "சாயங்காலத்துக்குள்ள பரிமாறலைன்னா ஊசிப்போயிரும். சட்டையப் போட்டுட்டு வாங்க."

"டயரு?"

"போற வழியில வாங்கிக்கலாம்."

லூர்தண்ணன் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி ஊதுபத்தி கொளுத்தியிருந்தார். அதற்குள்ளேயே நாலைந்து பேர் ஆளுக்கொரு டயரில் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். அப்பா போய் எங்கள் அளவு டயர்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். ஒன்று. இது இல்ல. அடுத்தது. இது இல்ல. வெயில் ஏறியது. பின்சீட்டில் போசிகளின் துணி லேசாக வியர்த்தது. அம்மா காரிலிருந்து இறங்கினாள்.

இத்தனை நாளில் அவள் ஒரு டயரில்கூடக் காது வைத்ததில்லை. நேராகக் கடைக்குள் போனாள், அடுக்குகளைப் பார்த்தாள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுக்கியிருந்த ஊமை டயர்களில் எங்கள் அளவு ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து நடுக்கடையில் நிறுத்தினாள்.

"அக்கா, அது ஊமைங்க," என்றார் லூர்தண்ணன். "அதுல ஒண்ணும் கேக்காது."

"எனக்கு ஒண்ணும் கேக்க வேண்டாங்க. நான் சொல்லோணும். மத்ததுல எல்லாம் ஆரோ பேசிக்கிட்டு இருக்காங்க, நடுவுல பூந்து நான் எப்பிடிப் பேசறது?"

சொல்லிவிட்டுப் பட்டுப்புடவைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கி, குனிந்து, காதை அல்ல, வாயை உட்குழிவுக்குக் கொண்டுபோனாள். நாங்கள் எல்லோரும் காது வைத்துக் கேட்க மட்டும்தான் செய்திருந்தோம். டயருக்குள் பேசலாம் என்று அதுவரை ஊரில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"சிந்து. நான் அம்மா பேசறேன். சோறு கட்டியாச்சு, பொறப்படப் போறோம். குளிச்சுட்டுத் தலைய நல்லாத் துவட்டிக்க."

மற்ற டயர்களிலிருந்து தலைகள் மெல்ல வெளியே வந்தன. ஊமை டயர் கொஞ்ச நேரம் ஊமையாகவே இருந்தது. அப்புறம் அதற்குள் தகரத்தில் தூறல் விழுகிற சத்தம் எழுந்தது, ஒரு குக்கர் விசில் விட்டு அடங்கியது, பிறகு காதை ஒட்ட வைக்காமலே கடை முழுவதும் கேட்கிற மாதிரி அக்காவின் குரல் வந்தது.

"எங்கிருந்தும்மா பேசறீங்க?"

"லூர்தண்ணன் கடை டயர்லிருந்து."

"சரி." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டு பேருக்கான மூச்சு. "அம்மா, வண்டி ஆரு ஓட்டறாங்க? அப்பா வர்றாரா?"

அம்மா நிமிர்ந்துவிட்டாள். அது அவள் சொல்ல வேண்டிய பதில் இல்லை என்பதுபோல இரண்டடி விலகி நின்று முந்தானையால் வாயைத் துடைத்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும், அடுத்தவர் டயரில் காது வைக்கக்கூடாது என்ற ஒழுங்கை நினைத்துக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரையும் பங்ச்சர் பசை டப்பாக்களையும் பார்க்கத் தொடங்கினார்கள். டயர் நடுக்கடையில் நின்றது. அதற்குள் மழை பெய்துகொண்டிருந்தது. அப்பா ஒரு டயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் நின்றார். அவர் கை டயரை விடுவதையும் மறுபடி பிடிப்பதையும் பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் அப்படியே இறங்கி ஆபீசுக்கு நடந்து போயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். வந்து குனிந்தார். வாயை வைப்பதா காதை வைப்பதா என்று ஒரு நொடி தடுமாறினார்.

"அங்க மழையா?" என்றார்.

உள்ளே நாற்காலி ஒன்று நகர்ந்தது. பிறகு, "தூறல்தானுங்கப்பா," என்றது டயர். "ரோட்டுக்கு ஒண்ணுமில்ல. வளைவுலதான் பனி எறங்குது."

"மஞ்ச லைட்டு போட்டுக்கறேன்."

"மெதுவா வாங்க."

"சரி. காத்து அடிக்கோணும், வெக்கறேன்," என்றார் அப்பா.

லூர்தண்ணன் டயரைக் கையில் வாங்கினார். மற்றவர்கள் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார்கள். அதில் ஒருவர் தன் டயருக்குள் வாயை வைத்து, "பாப்பா?" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தார்.

"மீதி மூணுக்கு எது வேணுங்க?" என்றார் லூர்தண்ணன். "ஊமைல இந்த அளவு இது ஒண்ணுதான் இருந்துது. மத்தது எல்லாம் எங்கெங்கியோ போறது."

"நாலும் ஒரே அளவா இருந்தாப் போதும்."

"கேட்டுப் பாக்க வேண்டாமுங்களா?"

"வேண்டாம். மாட்டுங்க. சோறு கெட்டுப்போயிரும்."

இப்படியாக, காது வைக்காமல் வாங்கிய மூன்று டயர்களோடும் பேசிப் பார்த்து வாங்கிய ஒரு டயரோடும் எங்கள் கார் கிளம்பியது. அந்த மூன்றும் எந்தெந்த ஊருக்கானவை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. பவானியில் இடப்பக்கப் பின்டயர் கூடுதுறைப் பக்கமாகத் திரும்பியே தீருவேன் என்று இழுத்தது. அப்பா ஸ்டீயரிங்கை மார்போடு அணைத்துப் பிடித்து நேராக்கினார். கோபியைத் தாண்டும்போது இன்னொன்று ஏதோ ஒரு தேங்காய் மண்டிக்குள் போய்விடப் பார்த்தது. மூன்றாவது, எங்கள் வீட்டு கேட்டுக்கான டயர் போலிருக்கிறது, ரோட்டின் நடுச்சுவரில் இடைவெளி வருகிற இடமெல்லாம் வண்டியைத் திருப்பி வீட்டுக்கே போய்விடலாம் என்றது. வண்டி குடித்தவன் போல அலைந்தது. எதிரே வந்த லாரிக்காரர்கள் எங்களைத் திட்டவில்லை. எங்கள் ஊர் நம்பர் பிளேட்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள்.

"திரும்பிரலாமுங்களா?" என்று அம்மா சத்தியமங்கலம் தாண்டி ஒருமுறை கேட்டாள். சோதிக்கத்தான் கேட்டாளா, பயந்து கேட்டாளா, தெரியவில்லை.

"இழுக்கறது டயரு. ஓட்டறது நான்," என்றார் அப்பா. மலையடிவாரம் வருவதற்குள் அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வளைவுகளில் பனி இறங்கியிருந்தது. அப்பா மஞ்சள் லைட்டைப் போட்டுக்கொண்டு ஏறினார். ஏற ஏற மூன்று டயர்களும் ஒவ்வொன்றாகத் தங்கள் ஊரை மறந்துவிட்டதுபோல இழுப்பதை நிறுத்தின. கோத்தகிரி ஊருக்குள் நுழைந்து, டீ ஃபாக்டரி ரோட்டில் கொஞ்சம் போனதும், ரோடு இரண்டாகப் பிரிகிற இடத்தில், எங்களைக் கொண்டுவந்த அந்த நான்காவது டயரும் நின்றுவிட்டது. பழுதாகி நிற்கவில்லை. தனக்குத் தெரிந்தது இவ்வளவுதான் என்பதுபோல நின்றது. இரண்டு ரோட்டிலும் பனி. இரண்டு ரோட்டிலும் தேயிலை. எந்தப் பக்கம் வீடு என்று காரில் இருந்த யாருக்கும் தெரியாது. கடிதமோ பணமோ போட்டுக்கூட நாங்கள் அந்த விலாசத்தை எழுதிப் பார்த்ததில்லை.

பிரிவில் ஒருவர் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஸ்வெட்டரில் எண்ணெய்க் கறை. எங்கள் காரைப் பார்த்ததும் குடையை மடக்கினார், பிறகு மழை பெய்வது நினைவு வந்து மறுபடி விரித்தார். போட்டோவில்கூட நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் அது யார் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. அம்மா மடியில் இருந்த பூப்பொட்டலத்தைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

அப்பா கார்க் கண்ணாடியை இறக்கினார். சாரல் அவர் முகத்தில் அடித்தது. துடைக்கவில்லை.

"எந்தப் பக்கமுங்க மாப்ள?" என்றார்.

இன்பராஜ் வழி காட்டத்தான் கையைத் தூக்கினார். ஆனால் பதற்றத்தில் குடை பிடித்த கை ஒரு ரோட்டைக் காட்டியது, மற்றக் கை மற்ற ரோட்டைக் காட்டியது. அவரே தன் இரண்டு கைகளையும் பார்த்துவிட்டு, எதை இறக்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றார். அப்பா அந்த இரண்டு கைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உடம்பைத் திருப்பி, கையைப் பின்னால் நீட்டி, பின்கதவின் லாக்கை எடுத்துவிட்டார்.

"ஏறிக்குங்க," என்றார். "உக்காந்துக்கிட்டே சொல்லுங்க."

நான் எள்ளுச்சோற்றுப் போசியைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டு இடம் விட்டேன். அவர் ஏறி, ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்து, நனைந்த குடையை எங்கே வைப்பதென்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, கடைசியில் தன் மடியிலேயே வைத்துக்கொண்டார்.